ஓடாத தறி

"ஒரு மாசமா தறி ஓடலையாமே! ஓடாத தறிக்கு நூல் கிடையாதுன்னு யுத்தகால உத்தரவு தெரியும்ல?" என்று நெசவாளி எல்லப்பனின் நூல் ரேஷன் கார்டை ரத்து செய்யப் பேனாவைத் திறந்தார் இன்ஸ்பெக்டர் வரதராஜன்.

"மெதுவா பேசுங்க சார்," என்று கெஞ்சினான் எல்லப்பன். "உள்ள தலைப்பிரசவம். தறிச் சத்தம் ஆவாதுங்க."

"உன் பொண்ணுக்கா?"

"பொண்ணு மாதிரிதாங்க," என்றாள் அவன் மனைவி மணியம்மை.

"அப்போ இந்த மாசப் புடவைங்க எப்படி வந்துச்சு?"

"தெருவே முறை வெச்சு எங்களுக்காக நெய்துகினு இருக்குதுங்க."

ஒரு பிரசவத்துக்காகத் தெருவே நெய்யுமா? கதை விடுகிறார்கள் என்று வரதராஜனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பூட்ஸ் அதிரத் தறிக்கொட்டகைக்குள் நுழைந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

நெய்பவர் கால் விடும் தறிக்குழிக்குள், தணிகைமலையிலிருந்து இறங்கி வந்த பெண்மயில் ஒன்று முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. கழுத்தைத் தூக்கி அவரையே பார்த்தது.

"பெட்ரோல் இல்லாம கரியில ஓடுற பஸ்ஸுக்காக மரம், புதர் எல்லாம் வெட்டிட்டாங்க சார். அது எங்க போவும்?" என்றாள் மணியம்மை.

"எப்போ பொரிக்கும்?" வரதராஜனின் குரல் தானாகவே தணிந்தது.

"இன்னும் பத்து நாளுங்க."

'பதினைந்து நாள் கழித்து மறுசோதனை' என்று நோட்டில் எழுதினார். பிறகு பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு வெளியே நடந்தார்.