குரங்கணிக்கு ஒரு அனுமதி

பிரபாகரன் பையை அவிழ்த்து ஒரு பிடி ஏலக்காயை அள்ளினான். மோந்து பார்த்தான், ஒன்றைக் கடித்தான், தோலைத் தரையிலேயே துப்பினான். "எட்டு மில்லி சைஸுதானா? நடுவுல பொடிக்காய் கெடக்குதே" என்றான், மலை மொத்தமும் அவன் பேரில் பட்டா ஆன மாதிரி.

பார்க்கிறவன் பெரிய வியாபாரி என்றுதான் நினைப்பான். வியாபாரியாவது, மண்ணாவது! போடியில் ஒரு ஏலக்காய் விவசாயிகள் சங்கத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளச் சம்பளம் வாங்குகிறவன் அவன். அந்தப் பை அவனுக்கு வந்த லஞ்சம்.

எதிரே சந்திரவல்லி நின்றிருந்தாள். மலைமேல் இருக்கும் சங்கத்தின் குரங்கணிக் கிளையில் மூட்டைகளை எடை போட்டுப் பதிகிறவள் அவள். இந்தக் கருமத்தைத் தன் கையாலேயே தூக்கி வந்து கொடுக்க வேண்டியதாகிவிட்டதே என்றிருந்தது அவளுக்கு.

விஷயம் இதுதான். சங்கத்துக்குப் புது சர்வர் வந்திருந்தது. குரங்கணியிலோ தராசும் பழசு, அந்தத் தராசுக்கு ஒத்துப்போகிற ஒரே சாப்ட்வேரும் பழசு. பழைய சாப்ட்வேர் எடையை அனுப்பினால், அனுமதி இல்லை என்று புது சர்வர் திருப்பிவிட்டது. எடை சர்வரில் ஏறினால்தான் மூட்டை ஏலத்துக்கு வரும்.

பிரபாகரன் உட்கார்ந்து அந்த சாப்ட்வேருக்கு சர்வரில் ஒரு யூசர் பேரைப் போட்டு, அனுமதி கொடுத்தால் தீர்ந்தது. டீ ஆறுவதற்குள் முடிகிற சோலி. அதற்கு இந்த மனுஷன் போன ஏலத்தையும் அதற்கு முந்தின ஏலத்தையும் தவறவிட வைத்தான். லீவு என்றான், பாதுகாப்பு என்றான், மேலிடத்தில் கேட்கணும் என்றான். கடைசியில் பல்லைக் காட்டிக்கொண்டு, உங்க பக்கத்துக் காய் நல்ல வாசமாமே என்றான். தூ, இதெல்லாம் ஒரு பிழைப்பு.

அதற்குள் மேலே மூட்டைகளில் பச்சை மங்க ஆரம்பித்துவிட்டது. காய் வெளுத்துப்போனால் கேட்க நாதி கிடையாது. ஒச்சம்மாள் என்கிற ஒண்டிக்கட்டை, சரிவில் கொஞ்சூண்டு இடத்தில் செடி போட்டு வளர்த்தவள், அவளுடைய ஒரே மூட்டையும் அங்கேதான் கிடந்தது. அவள்தான் அதைப் பிரித்து, பெரிய காயாகப் பொறுக்கி இந்தப் பையில் போட்டாள். "இன்னிக்காவது ஏத்திவிட்டுரு ஆத்தா" என்று மட்டும் சொன்னாள். தன் வீட்டு டீயில் ஒரு உடைந்த காயைக்கூடப் போடாதவள்.

பிரபாகரன் பையை மேஜைக்கடியில் தள்ளினான். எச்சில் பட்ட விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கீபோர்டை இழுத்தான். இந்தப் பேர் எதைப் பார்க்கலாம், எதை எழுதலாம், யார் பேரைத் தூக்கலாம் என்று திரையில் கட்டம் கட்டமாக வந்தது. அதையெல்லாம் படித்துக்கொண்டிருக்க அவனுக்குப் பொறுமை ஏது? மேலிருந்து கீழ்வரை எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்துவிட்டான்.

சந்திரவல்லியும் கம்ப்யூட்டர் படித்தவள்தான். அந்த டிக்குகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இனிமே உன் ஓட்டை டப்பா எங்கயும் முட்டாம ஓடும்" என்றான் அவன். "ஆனா சீசனுக்குச் சீசன் இதப் புதுப்பிக்கணும். வர்றப்ப வெறுங்கைய வீசிட்டு வராத."

சரி சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். லோடு இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு ஜீப்பைப் பிடித்து வெரசாகக் குரங்கணி போய்ச் சேர்ந்தாள். ஒச்சம்மாளின் மூட்டை எடையை முதலில் சர்வரில் ஏற்றினாள், பிறகு மற்றவர்களுடையதை. எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் அந்தப் புதுப் பேரிலேயே கம்ப்யூட்டரில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் ஏலம் நடந்தது. தன் மூட்டை நல்ல விலைக்குப் போய்விட்டது என்று தெரிந்து, ஒச்சம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் சந்திரவல்லியின் போன் அடித்தது. பேசியது பிரபாகரன்.

குரலைத் தாழ்த்திப் பதறினான். சங்கத் தலைவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு நிலவரம் கேட்கிறாராம். ஏலம் அதுபாட்டுக்கு ஓடுகிறதாம், இவனை மட்டும் சர்வர் உள்ளே விடமாட்டேன் என்கிறதாம். பக்கத்து சீட்டுக்காரர் திறந்து பார்த்தால், குரங்கணியிலிருந்து யாரோ இவன் பேரையே தூக்கிவிட்டதாகக் காட்டுகிறதாம்.

"நான்தான் சார் தூக்குனேன்" என்றாள் சந்திரவல்லி. "மலையேறி வந்து ஒச்சம்மாக்கா கையில அந்தக் காயக் குடுத்துட்டுப் போங்க. அப்புறம் உள்ள விடுறேன்."

"ஏய், என் பேரத் தூக்குற அதிகாரத்த உனக்கு எவன் குடுத்தான்?"

"நீங்கதான் சார், காலையில."