மெல்லிய தோல்

சாத்திய கதவுக்குப் பின்னால் கணவனின் குரல் குழைந்தது.

“பயப்படாதம்மா. எவ்வளவு மெல்லிய தோல் உனக்கு! எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும். அசையாம இரு, கண்ணு.”

‘என்கிட்ட ஒரு நாளாவது இப்படிப் பேசியிருக்காரா?’ மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதவைப் படாரென்று தள்ளினாள்.

உள்ளே வேறு யாருமில்லை. அவன் கையில் டாட்டூ ஊசி. மேசையில் ஒரு வாழைப்பழம், தோலில் பாதி குத்திய ரோஜாப் படத்தோடு.

“டாட்டூ கடையில தொழில் கத்துக்கச் சேரணும்னா, வர்றவங்ககிட்டப் பேசவும் பழகணுமாம்,” என்று அசடு வழிந்தான். “நாளைக்கு நிஜத் தோல்ல போட்டுக் காட்டணும். ஆளையும் நானே கூட்டிட்டுப் போகணும். கேட்டா எல்லாரும் ஓடுறாங்க.”

அவள் பழத்தை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கையை நீட்டினாள்.

“நான் வர்றேன். ஆனா பழத்தைக் கொஞ்சினதுல ஒரு வார்த்தை குறையக் கூடாது!”