லூஸ் கான்டாக்ட்

"ண்ணா, இது வெறும் கறுப்பா கீது. இதுல இன்னா இருக்குன்னு பேனர் போடச் சொல்றீங்க?"

கலீல் கேட்டதில் தப்பில்லை. தாம்பரம் மார்க்கெட் ஓரத்தில் பதினைந்து வருஷமாக ஃப்ளெக்ஸ் கடை வைத்திருப்பவர். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று எல்லாவற்றுக்கும் முகம் அடித்துத் தந்திருக்கிறார். முகமே இல்லாத படத்தோடு ஒருத்தரும் வந்ததில்லை.

கொண்டுவந்தவர் மோகன்ராஜ், செம்பாக்கத்துக் கல்யாண போட்டோகிராஃபர்.

"இருக்குப்பா. வெளிச்சத்தை ஏத்திக்கிட்டே போ" என்றார்.

செம்பாக்கத்தில் அவர் வீட்டு வாசலில் ஷாமியானா போட்டாயிற்று. உள்ளே ஐஸ் பெட்டியில் அவர் மனைவி சந்திரிகா. நேற்றுக் காலை கோலம் போடக் குனிந்தவள் நிமிரவில்லை. இன்று நாலு மணிக்கு எடுக்கிறார்கள். அதற்குள் தலைமாட்டுக்கு ஒரு படமும் தெருமுனைக்கு ஒரு பேனரும் வேண்டும்.

"இன்னா மாமா, ஊரு ஃபுல்லா போட்டோ புட்ச்சியே, எங்கக்காவ ஒண்ணு புடிக்கலியா?" என்று மைத்துனன் ஜெயவேலு எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டான்.

கேட்டுவிட்டு அவனே அலமாரியைக் கிளறி ஆதார் கார்டை எடுத்து நீட்டினான். அதில் சந்திரிகா, இரண்டு கொலை செய்துவிட்டு மூன்றாவதை யோசிப்பவள் போல இருந்தாள். ஆதாரில் எல்லாரும் அப்படித்தான். அதற்காக அதையே ஆறடிக்கு நாலடியில் கட்டித் தொங்கவிட முடியுமா?

கல்யாண ஆல்பம் 2015 வெள்ளத்தில் ஊறி, பக்கத்தோடு பக்கம் ஒட்டிக் கல்லாகிவிட்டது. சொந்தக்காரர்களின் செல்போன்களில் அவள் பாதிக் காதாகவும் முக்கால் தோளாகவும் கிடைத்தாள். அவளுடைய செல்போனில் கோலங்கள் இருந்தன.

மோகன்ராஜ் அவளைப் படமே பிடிக்கவில்லை என்பது மட்டும் பொய். எழுநூறு தடவையாவது பிடித்திருப்பார்.

காரணம், ஃப்ளாஷ்.

கேமராவின் தலையில் அது உட்காரும் இடத்தில் கான்டாக்ட் சரியில்லை. ஒரு நாள் அடிக்கும், ஒரு நாள் அடிக்காது. ஃப்ளாஷை மாற்றினார். வயரை மாற்றினார். கல்யாணப் பத்திரிகையின் மூலையைக் கிழித்து, மடித்து, அடியில் சொருகினார். அது தன் இஷ்டப்படிதான் நடந்துகொண்டது. தாலி ஏறும் நொடியில் அது காலை வாரிவிட்டால், மாப்பிள்ளையை இன்னொரு தரம் கட்டச் சொல்ல வேண்டும். ஒரு முறை சொன்னார். பெண்ணின் தாய்மாமன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மேடையேறி வந்தார்.

அதிலிருந்து ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் கிளம்பும் முன் வீட்டு ஹாலில் ஒரு டெஸ்ட். சுவரைப் பிடித்தால் வெளிச்சம் தெரியும், தோல் நிறம் தெரியாது. ஆகவே, "சந்திரி, வந்து நில்லு" என்பார்.

வந்து நிற்பாள்.

ஒரு கிளிக். திரையில் வெளிச்சம் விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். விழுந்திருந்தால் அந்தப் படத்தை அங்கேயே அழித்துவிடுவார். கஸ்டமர் கார்டில் டெஸ்ட் படம் கிடப்பது தொழிலுக்கு அழகில்லை. விழாவிட்டால் அழிக்க எங்கே நேரம்? ஃப்ளாஷைத் தட்டிக்கொண்டே வண்டியைக் கிளப்புவார்.

ஒழுங்காக அடித்த நாட்களின் சந்திரிகா ஒருத்திகூட மிச்சமில்லை. அடிக்காத நாட்களுடையவை கார்டைத் துடைக்கும்போது போய்விட்டன. போன மாதம், பெருங்களத்தூர் கல்யாணத்தன்று, அடிக்கவில்லை; அந்தக் கார்டை இன்னும் துடைக்கவில்லை. அப்படித் தப்பித்துக் கார்டில் கிடந்ததுதான் இந்தக் கறுப்பு.

கலீல் ஏற்றினார். கறுப்பு, காப்பிக்கொட்டை நிறமானது. இன்னும் ஏற்றினார். மணல் மாதிரிப் புள்ளிகள் கூடி ஒரு நெற்றி வந்தது. பிறகு மூக்கு.

"வருதுண்ணா."

மோகன்ராஜ் ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டார். விடியற்காலைச் சந்திரிகாவை அவருக்குத் தெரியாதா? பழுப்பு நைட்டி, அள்ளிச் செருகிய கொண்டை, தோளில் ஒரு துண்டு. முகம் மட்டும் தேறினால் போதும், கழுத்துக்குக் கீழே வேறு யாருடைய பட்டுப் புடவையையாவது ஒட்டிவிடலாம் என்று வந்ததுமே சொல்லி வைத்திருந்தார். கலீலிடம் அதற்கென்றே நாற்பது புடவை உண்டு, கம்ப்யூட்டரில்.

கலீல் கடைசி வரைக்கும் ஏற்றினார்.

தோளில் கிடந்தது துண்டு இல்லை.

மாம்பழ நிறப் பட்டு. உடுத்த நேரமில்லாமல், மடிப்புக்கூடக் கலைக்காமல், நைட்டி மேல் முந்தானை மாதிரிப் போட்டு ஊக்குக் குத்தியிருந்தாள். தலை வாரி வகிடெடுத்திருந்தாள். கழுத்தில் பவுடர் கொஞ்சம் திட்டாக நின்றது. காதில் ஜிமிக்கி. பல் தெரியாமல், கேமராவை நேராகப் பார்த்து, ஒரு சிரிப்பு.

மோகன்ராஜ் திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். பிறகு தள்ளி வந்து பார்த்தார்.

"அண்ணிக்குப் புடவையே ஒட்ட வாணாம்ண்ணா. சூப்பரா கீறாங்க" என்றார் கலீல். சொன்ன பிறகுதான் சாவு வீட்டுக்காரரிடம் பேசுகிறோம் என்று உறைத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எந்தக் கல்யாணத்துல எடுத்தது?"

மோகன்ராஜ் திரையில் அந்த ஊக்கைத் தொட்டார்.

"எந்தக் கல்யாணத்துக்கும் கூட்டிட்டுப் போனதில்லப்பா" என்றார். "கிளம்பி நின்னிருக்கா, அவ்ளோதான்."