தொண்டையின் நிறம்

“டீச்சரம்மா, சீக்கிரம்! ஜன்னல்லேருந்தே தெரியும். குருவியோட தொண்டை என்ன கலர்னு மட்டும் சொல்லு.”

கொய்யா மரத்தடியில் நின்று அவர் கிசுகிசுத்தது சமையலறை மேசை வரைக்கும் கேட்டது. அவருடைய கிசுகிசுப்பு அப்படித்தான், தெருமுனைக்கே கேட்கும்.

“பழுப்பு” என்றேன்.

“பழுப்பா? நல்லாப் பாத்தியா?”

“பழுப்புதான், சர்வேயர் சார். இன்னொரு தடவை கேட்டா நீலம்னு சொல்லிடுவேன். காபி ஆறுது, வாங்க.”

என் கணவருக்குச் சிவப்பும் ஆரஞ்சும் பச்சையும் பழுப்பும் ஒன்றுதான். பிறவியிலேயே அப்படி. தக்காளியைக்கூட அமுக்கிப் பார்த்துதான் வாங்குவார்.

ஆனால் உருவத்தில் அவரை ஏமாற்ற முடியாது. முப்பது வருஷம் நிலம் அளந்த கண். அலகின் நீளம், வாலின் வெட்டு, கிளையில் உட்காரும் சாய்வு எல்லாம் அவர் பொறுப்பு. நிறம் என் பொறுப்பு.

இரண்டு பேரும் சேர்ந்தால்தான் எங்கள் வீட்டில் ஒரு பறவைக்குப் பெயர் கிடைக்கும்.

அன்று வந்தது எங்கள் தோட்டத்துக்குப் புதுசு. கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிசு. உட்கார்ந்த இடத்திலேயே வாலை வெடுக் வெடுக்கென்று தூக்கி இறக்கியதாம்.

புத்தகத்தில் அந்த உருவத்துக்கு இரண்டு படங்கள் இருந்தன. தொண்டை ஆரஞ்சு என்றால் குளிர்காலத்தில் பரவலாக வருவது. பழுப்பு என்றால் அபூர்வம். பன்னிரண்டு வருஷமாக அவர் தேடிக்கொண்டிருந்தது.

குறிப்பேட்டில் எழுதி முடித்து, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, சீட்டியடித்தபடியே வேலைக்குக் கிளம்பினார்.

மத்தியானம், புதிதாகப் பிரித்த மனைகளுக்கு நடுவே, அளக்கும் கருவியின் பக்கத்திலேயே சரிந்துவிட்டார். கூட இருந்தவர் தண்ணீர் எடுத்துவருவதற்குள் முடிந்துவிட்டது.

அந்த ஆள்தான் துக்கத்துக்கு வந்தபோது சொன்னார். “காலையிலேருந்து அந்தக் குருவிப் பேச்சுதான்க்கா. எங்க வீட்டம்மா கண்ணு தப்பாதுன்னு நூறு தடவை சொல்லியிருப்பாரு.”

அவருக்குத் தண்ணீர் எடுத்துவர உள்ளே போனேன்.

ஐந்து வாரம் கழித்து, துணி உலர்த்தப் போனபோது கொய்யா மரத்தில் ஒரு குருவி உட்கார்ந்திருந்தது. வாலை வெடுக்கென்று தூக்கியது, இறக்கியது.

தொண்டை ஆரஞ்சு. கண்ணில் படாமல் போகவே முடியாத ஆரஞ்சு.

ஈரத் துணியைத் தோளில் போட்டபடியே உள்ளே போய் அவருடைய குறிப்பேட்டை எடுத்தேன். கடைசி வரி. தேதி, நேரம், கிளை தரையிலிருந்து எத்தனை அடி என்பதுகூட இருந்தது. உருவம்: நான். நிறம்: அவள். அப்புறம் அந்த அபூர்வப் பறவையின் பெயர். அதன் கீழே இரட்டைக் கோடு.

அவர் வேறு எந்தப் பெயருக்கும் கோடு போட்டதில்லை.

நில அளவைப் புத்தகத்தில் தப்பை அழிக்கக் கூடாது என்பார். ஒற்றைக் கோடு அடித்து, மேலே சரியானதை எழுத வேண்டும். அதையும் கண்ணால் கண்டவர்தான் செய்ய வேண்டும். கேட்டவர், ஊகித்தவர் யாரும் கை வைக்கக் கூடாது. பறவைகளுக்கும் அவர் வைத்திருந்த சட்டம் அதேதான்.

நிறம் என் பொறுப்பு. பேனாவைத் திறந்தேன்.

அவர் நிறம் கேட்ட அன்று காலை என் முன்னால் நாற்பத்திரண்டு விடைத்தாள்கள் இருந்தன. பதினேழாவதில் மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னல் எனக்குப் பின்னால் இருந்தது.

நான் திரும்பவே இல்லை.

வாயில் வந்த நிறத்தைச் சொன்னேன். அவ்வளவுதான்.

ஆகவே இன்று வந்ததுதான் அன்றும் வந்தது என்று எழுத எனக்கு உரிமை இல்லை. பழுப்பாகவே இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். அந்தக் குருவியைப் பார்த்தவர் ஒரே ஒருவர். அவருக்கு அதன் நிறம் தெரியாது.

பேனாவை மூடிவிட்டேன்.

குறிப்பேட்டில் நிறத்துக்கு நேரே இன்னமும் ‘அவள்’ என்றுதான் இருக்கிறது.