ஓடைப் பக்கத்து அறை

கயிறு காலில் தட்டியது. அவன் விழுந்தான்.

முழங்கைகள் இரண்டும் ஈரப் புல்லில் புதைந்தன. மனைவி ஓடி வந்தாள். அவன் கையை உயர்த்தித் தடுத்தான். தானாகவே எழுந்தான்.

மஞ்சள் கயிறு. அத்தனை பச்சைக்கு நடுவே கண்ணைப் பறிக்கிற மஞ்சள்.

அவனுக்குத் தெரியவில்லை.

கிளாஸ்கோவில் பஸ் ஓட்டியவன். போன குளிர்காலத்தில், இடப்பக்கம் வந்த சைக்கிள் ஒன்றை அவன் காணவே இல்லை. யாருக்கும் காயமில்லை. ஆனால் கண்ணைப் பரிசோதிக்க அனுப்பினார்கள். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கி வருகிறது என்றார் டாக்டர். குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோல் இருக்கும். பிறகு குழாயும் அடைபடும்.

லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தான். வீடு கட்டும் எண்ணத்தை மட்டும் விடவில்லை.

இருவருக்கும் சொந்த வீடென்று ஒன்று இருந்ததில்லை. ஊரில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து யார் யாருடைய வீடுகளிலோ வளர்ந்தார்கள். இங்கே வாடகை ஃப்ளாட். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர். ஒருமுறை வடக்கே நண்பர் வீட்டுக்குப் போகும் வழியில் கார் டயர் காற்றுப் போனது. உதவிக்கு ஆள் வரும்வரை தெருவோரம் குந்தியிருந்தார்கள். கீழே கடல் நிலத்துக்குள் நுழைந்து கிடந்தது. அதற்கு அப்பால் ஒற்றை மலை.

கட்டிலில் கிடந்தபடியே இந்த மலையைப் பார்க்க வேண்டும் என்று அவன் அன்றைக்குச் சொன்னான்.

அந்தத் தெருவோரச் சரிவில்தான் இப்போது, கட்டப்போகும் வீட்டின் அறைகளுக்கு அளவெடுத்து, முளைகள் அடித்துக் கயிறு கட்டியிருந்தது.

அவன் கயிற்றைக் காலால் தொட்டுத் தொட்டு நடந்தான். வீட்டின் படம் அவனுக்கு மனப்பாடம். கடலைப் பார்த்த மூலைக்கு வந்து நின்றான். படுக்கையறை அங்கே இருக்க வேண்டும்.

இல்லை. அது பின்பக்கம், ஓடையோரமாகப் போயிருந்தது.

"ஆர் மாத்தினது?"

"நான்தான்," என்றாள். "போன கிழமை வீட்டுப் படம் கீறுற பிள்ளையோட வந்தனான்."

"என்னட்டக் கேக்கேல்லை."

"கேட்டா விடமாட்டியள்."

பிறகு அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு வேகவேகமாகச் சொன்னாள். எங்கேயும் படி இல்லை. வாசலிலிருந்து அறைக்கு நேரே வரலாம். குளியலறை வலக்கைப் பக்கம். ராத்திரி எழும்பினால் ஓடைச் சத்தம் கேட்கும், எந்தப் பக்கம் எது என்று தடுமாறத் தேவையில்லை.

"அப்ப இப்பவே என்னைக் குருடனாக்கிப் போட்டீர்."



அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். விழுந்துகிடந்தவர்களைத் தூக்கித் தூக்கி அவளுக்கு இடுப்பு போயிருந்தது. படம் கீறும் அந்தப் பெண் முளைகளைப் பிடுங்கி மாற்றி அடித்தபோது, அவள் பார்க்க மாட்டாமல் காருக்குள் போய் இருந்தாள்.

அவன் சரிவில் இறங்கிப் போனான். செம்மறிகள் விலகி வழிவிட்டன. வேலியடியில், அவளுக்கு முதுகைக் காட்டி நின்றான். காற்று அவன் ஜாக்கெட்டை உப்பவைத்தது.

அவள் கூப்பிடவில்லை.

திரும்பி வந்தபோது அவன் அவளிடம் வரவில்லை. வாசலுக்கென்று அடித்திருந்த இரண்டு முளைகளுக்கு நடுவே போய் நின்றான்.

கண்களை மூடினான்.

கைகளை முன்னால் நீட்டினான். நடந்தான்.

அவள் கயிற்றுக்கு வெளியே கூடவே நடந்தாள். இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டாள். வெளியே இருந்தால் அவை தாமாகவே அவனைப் பிடித்துவிடும்.

ஓரிடத்தில் கயிறு அவன் கணுக்காலில் உரசியது. நின்றான். கொஞ்சம் விலகினான். மறுபடி நடந்தான்.

ஓடைப் பக்கத்து அறைக்குள் வந்து நின்றான். தலையை ஒருபக்கம் சாய்த்தான். கல்லில் விழுந்து ஓடும் தண்ணீர்.

"கேக்குது," என்றான்.

அவளுக்கு மூக்கு ஒழுகியது. உறிஞ்சினால் அவனுக்குக் கேட்டுவிடும். அப்படியே விட்டாள்.

அவன் கண்களைத் திறந்தான். கயிற்றைப் பார்த்துப் பார்த்துத் தாண்டி முன்பக்கம் போனான். அங்கே இப்போது சமையலுக்கான குசினி வந்திருந்தது. நெஞ்சு உயரத்துக்குக் காற்றில் கையை வைத்துக் காட்டினான்.

"அந்தப் பிள்ளையிட்டச் சொல்லும். இதில பெரிய ஜன்னலா ஒண்டு வைக்கட்டாம்."

"என்னத்துக்கு?"

"உமக்குத்தான். நீராவது பாக்க வேணுமெல்லே."

அவள் கயிற்றைக் கடந்து அவன் பக்கத்தில் போய் நின்றாள். கடலைப் பார்த்தாள். காலையிலிருந்து அடைத்துக்கொண்டிருந்த மேகம் நகர்ந்துகொண்டிருந்தது. முதலில் ஒரு தோள். பிறகு உச்சி. பிளவொன்றில் கரையாத வெண்பனி.

"இஞ்சேருங்கோ, பாருங்கோ! மலை வந்திட்டுது!"

அவள் திரும்பினாள்.

அவன் அவளைப் பார்த்தபடியே பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தான். ஓரடி. இன்னும் ஓரடி. கிட்ட நின்றால் அவனுக்கு அவளுடைய ஒரு கண் தெரியும், அல்லது வாய் மட்டும் தெரியும். முகம் முழுவதும் அடங்க இவ்வளவு தூரம் வேண்டியிருந்தது.

"அசையாமல் நில்லும், யசோ."

தூறத் தொடங்கியிருந்தது.

அவள் கோட்டின் தலைமூடியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டாள்.