பச்சைக் கறை

“நீங்க ஒரு சர்டிபிகேட் மட்டும் குடுங்க டாக்டர். மிச்சத்தை போலீஸ் ஸ்டேஷன்ல நான் பேசிக்கிறேன்.”

கலைமகள் கையோடு எழுதிக் கொண்டுவந்த மனுவை மேசையில் வைத்தாள். அதன் பக்கத்தில் கட்டைப் பையிலிருந்து பூனையை இறக்கினாள்.

மிளகு என்று பெயர். இடது கண்ணைச் சுற்றியும் மூக்கோரத்திலும் பச்சையும் மஞ்சளுமாக ஒரு கறை.

“என்னம்மா ஆச்சு?” என்றார் கால்நடை டாக்டர் வானதி.

“வயலுக்கு அடிக்கிற மருந்தை இவ கண்ணுல ஊத்தியிருக்கான், அந்தப் பாவி. பக்கத்து வீட்டு இளையபெருமாள். மத்தியானம் அவன் வீட்டு மதில்லேருந்துதான் குதிச்சா, இந்தக் கோலத்துல.”

“அவருக்கும் பூனைக்கும் என்ன பகை?”

“பகை என்கூட. நாத்தங்காலுக்கு மடை திறந்ததுல தகராறு. ரெண்டு வருஷமா பேச்சு கிடையாது. அதுக்கு முன்னாடி அண்ணே அண்ணேன்னு உசுரை விட்டுட்டுக் கிடந்தேன். என் புத்தியைச் சொல்லணும்.”

சொல்லிக்கொண்டே மிளகைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். புருஷன் சிங்கப்பூரில். வீட்டில் காது கேட்காத மாமனார். பேச்சுத் துணை என்று இருப்பது மிளகு ஒன்றுதான். அதற்குக் கண் போய்விட்டால்?

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

“கண்ணை எத்தனை நாளா சுருக்குது?”

“நாலு நாளா அரைக்கண் போட்டுக்கிட்டுத்தான் திரிஞ்சா. தூக்கக் கலக்கம்னு விட்டுட்டேன். அப்புறம் தண்ணியா வடிஞ்சுது. மாமனாருக்குக் கண் ஆபரேஷன் பண்ணப்ப குடுத்த சொட்டு மருந்து மிச்சம் இருந்துச்சு. நேத்து ரெண்டு வேளை விட்டேன். நான் ஒண்ணும் கவனிக்காம இல்லை.”

டாக்டரின் முகம் மாறியது.

“பூனை ஒரு கண்ணை மட்டும் சுருக்குனா அது தூக்கம் இல்லம்மா, வலி. உள்ள புண்ணு இருக்கும்போது அந்த மாதிரி ஸ்டீராய்டு மருந்தை விட்டா பார்வையே போயிடும். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா நானே ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது.”

கலைமகள் குனிந்து மிளகின் மூக்கோரத்துக் கறையைத் தொட்டாள்.

“அப்ப இந்தப் பச்சை?”

“அது நான் போட்ட சாயம். கண்ணுல புண்ணு இருக்கான்னு பார்க்க விடுறது. மூக்கு வழியாவும் இறங்கும். தானா போயிடும்.”

“நீங்களா? எப்ப?”

“இன்னிக்குக் காலையில. கண்ணுல நெல்லுச் சுணை குத்தியிருந்துச்சு, எடுத்துட்டேன். மூணு வேளை மருந்து விடணும்னு சொன்னேன். ‘மீன் வாசத்துக்கு மூணு வேளையும் எங்க வீட்டுக்கு வந்துடுவா, நானே விட்டுக்கிறேன்’னு வாங்கிட்டுப் போனாரு உங்க அண்ணன்.”

“எனக்கு ஏது அண்ணன்? நான் ஒத்தைப் பிள்ளை டாக்டர்.”

டாக்டர் காலையில் எழுதிய ரிஜிஸ்டரைத் திருப்பி, அவளுடைய மனுவுக்குப் பக்கத்திலேயே வைத்தார்.

பூனையின் பெயர்: மிளகு. வளர்ப்பவர்: கலைமகள். கொண்டு வந்தவர்: இளையபெருமாள். உறவு: அண்ணன்.