ஜன்னல் திண்டில் ஒரு சீட்டு

மைக்கை இரண்டு தட்டு தட்டிவிட்டு அவள் முதல் சீட்டை எடுத்தாள்.

"ஆறாம் வகுப்பு அ பிரிவு, செ. பிரிஸ்கில்லா. உங்களைப் பார்க்க அப்பா வந்திருக்கிறார்."

மைதானத்தில் ஒரு கூச்சல். துப்பட்டா பின்னால் பறக்க ஒரு குட்டி ஓடி வந்தாள். மைக்கில் வாசித்தவள் ஜன்னல் திண்டில் வைத்த சீட்டைப் பறித்துக்கொண்டு கேட்டுக்கு ஒரே ஓட்டம்.

சீட்டைக் காட்டாமல் வந்தவர்களைக் கேட்டுக்குள் விடமாட்டார்கள்.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை, அந்த விடுதிப் பள்ளியில் அதுதான் சட்டம். வந்து நிற்பவர்களிடம் பிள்ளையின் பெயரைக் கேட்டு வாட்ச்மேன் அண்ணன் சீட்டு எழுதுவார். கட்டாகக் கொண்டுவந்து மைக் அறையில் போட்டுவிட்டுப் போவார். அவள் வாசிப்பாள்.

நடுநடுவே பள்ளிச் செய்திகள். கபடியில் வட்டார அளவில் இரண்டாம் இடம். நீல நிறத் தண்ணீர் பாட்டில் ஒன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது, உரியவர் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம். இன்று மதியம் முட்டை கிடையாது.

முட்டைக்கு மட்டும் மைதானமே ஊளையிட்டது.

இந்த ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வேறு எவளும் வரமாட்டாள். யாருக்குத் தலையெழுத்து? அவள்தான் வார்டன் டீச்சரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கினாள்.

முதல் மூன்று மாதம் அவளும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பார்த்தவள்தான். பக்கத்தில் இருப்பவள் எழுந்து ஓடும்போது வயிறு எரியும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஓடுகிறவள் ஒரு நொடி நின்று, 'அய்யோ பாவம்' என்று திரும்பிப் பார்ப்பாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

மைக் அறையில் அந்தத் தொல்லை இல்லை. வேலையாக இருக்கிறாள், அவ்வளவுதான்.

அம்மா பெங்களூரில் இருந்தாள். ஒரு வீட்டில், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் பெரியவரைப் பார்த்துக்கொள்கிற வேலை. அந்த வீட்டுக்காரர்களுக்குக் கோயில், கல்யாணம், ஊர்சுற்றல் எல்லாம் ஞாயிறுதான். அம்மாவுக்கு எங்கிருந்து லீவு கிடைக்கும்?

பார்த்துப் பதினான்கு மாதமாயிற்று.

போனில் கேட்கிற குரலை வைத்து முகத்தை ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். போன மாதம் அதுவும் கைவிட்டது. அம்மாவுக்கு மூக்குத்தி இடப்பக்கமா வலப்பக்கமா? ஒரு நாள் முழுக்க யோசித்தாள். கடைசியில் பாத்ரூமில் போய் அழுதாள்.

இன்று கூட்டம் அதிகம். கண் படித்தது, வாய் சொன்னது, மனசு அதுபாட்டுக்குப் பெங்களூரில் கிடந்தது. ஒரு சீட்டு முடிவதற்குள் அடுத்தது. அம்மா வந்திருக்கிறார். சித்தப்பா வந்திருக்கிறார். அம்மாவும் தம்பியும் வந்திருக்கிறார்கள்.

ஜன்னலில் கைகள் வருவதும் போவதுமாக இருந்தன.

பதினொன்றே முக்கால். கை ஓய்ந்தது. வெளியே மரத்துக்கு மரம் தூக்குவாளியும் முறுக்கும் சிரிப்புமாய்க் குடும்பங்கள். அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் தண்ணீர் குடித்தாள்.

வார்டன் டீச்சர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி ரேடியோ, ஒரு சீட்டு எடுக்காமக் கெடக்கு பாரு. இன்னொருக்கா கூப்பிடு. பாவம், வெயில்ல நிக்காவ."

ரேடியோ. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அதுதான் பெயர். வாட்ச்மேன் அண்ணனுக்கும் ரேடியோதான். வகுப்பில் வருகைப் பதிவுக்கு முப்பத்தொன்று. வீட்டில் வைத்த பெயரை அந்த வளாகத்தில் ஒருவரும் கூப்பிட்டதில்லை.

எவ அவ? அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவளைத் தேடி ஓர் ஆள் வந்து நிற்கிறது. மகாராணி எங்கே ஊஞ்சலாடிக்கொண்டிருக்கிறாளோ! எனக்கு மட்டும் வந்திருந்தால், சீட்டு எழுதி முடிப்பதற்குள் கேட்டில் நின்றிருப்பேன்.

மைக்கைப் போட்டாள். அதட்டலாகவே ஆரம்பித்தாள்.

"கவனிக்கவும். இரண்டாவது முறை அழைக்கிறோம். இனியும் தாமதிக்க வேண்டாம். எட்டாம் வகுப்பு ஆ பிரிவு..."

நின்றுவிட்டாள்.

ப. இசக்கியம்மாள். அம்மா. வந்த நேரம் 10.20.

வாட்ச்மேன் அண்ணனின் கோணல் எழுத்து. தப்பில்லை. அவள் பெயரேதான்.

இதை ஏற்கெனவே வாசித்திருக்கிறாள். அவள் வாயாலேயே. வாசித்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போயிருக்கிறாள்.

கேட்டுக்கு மேலேயும் ஒரு ஒலிபெருக்கி உண்டு.

அம்மாவுக்கு அவள் குரல் தெரியாதா? மகள் தன் பெயரைத் தானே வாசிப்பதைக் கேட்டிருப்பாள். இப்போது வந்துவிடுவாள் என்று பார்த்திருப்பாள். அந்தக் குரல் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டது. அதற்கடுத்த பிள்ளையைக் கூப்பிட்டது. முட்டை கிடையாது என்றது. ஒன்றரை மணி நேரமாக ஊரார் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது, வரத்தான் இல்லை.

கோபம் என்று நினைத்திருப்பாளா? பதினான்கு மாதக் கோபம்?

நாற்காலி விழுந்த சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது. மைக் அணையவில்லை.

"எம்மா, போயிராத! நான் பாக்கலம்மா. சத்தியமாப் பாக்கல. இந்தா வாரேன், போயிராதம்மா..."

முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு அத்தனை பேரும் கேட்டைத் திரும்பிப் பார்த்தார்கள்.